நாட்டுக்கோழி இறக்கையும் பத்து மீட்டர் டெரோசாரும்

வணக்கம் மக்களே! வேலூர் கோட்டை அகழி ஓரமாக உட்கார்ந்திருக்கிறேன். பறக்கும் உடம்பு எப்படி வேலை செய்கிறது என்று இன்று பார்ப்போம். இந்த டப்பாவுக்குள் இருப்பது நேற்று குழம்பில் வெந்த நாட்டுக்கோழியின் எலும்புகள். கழுவி மொட்டைமாடியில் காயவைத்ததற்கு அம்மாவிடம் வாங்கிய திட்டு தனிக் கதை.

சரி, இது தொடை எலும்பு. உடைத்தால் உள்ளே கருஞ்சிவப்பாக மஜ்ஜை, நாம் உறிஞ்சாமல் விடாத சமாச்சாரம். இது இறக்கையில் தோளை ஒட்டி இருக்கும் எலும்பு. இதையும் உடைக்கிறேன். பார்த்தீர்களா, வெறும் குழாய்! தோள் பக்க நுனியில் ஒரு ஓட்டை தெரிகிறதா? நுரையீரலோடு சேர்ந்த காற்றுப்பை அது வழியாகத்தான் எலும்புக்குள் நுழைகிறது. மூச்சுக்குழாயை அடைத்தாலும் வெட்டிய இந்த எலும்பு வழியாகப் பறவை மூச்சுவிடும் என்று 1774-லேயே ஜான் ஹன்டர் என்ற அறுவை மருத்துவர் எழுதிவிட்டார்.

"பறவை எலும்பு லேசு, அதனால் பறக்கிறது" என்று முடித்துவிடுவது எனக்குப் பிடிக்காது. எடை ஒன்றாக இருந்தால், கம்பியைவிடக் குழாய்தான் வளையாமல் நிற்கும். சாரம் கட்ட மூங்கிலைத்தானே தேடுகிறோம்!

அடுத்து நெஞ்செலும்பு. நடுவில் துருத்தி நிற்கும் இந்தத் தகட்டில்தான் பறக்கும் தசை ஒட்டியிருக்கும். ஈமுவுக்கு இது கிடையாது. நேற்று பாய் கடையில் கறியைத் துண்டு போடாமல் முழுசாக வாங்கி வந்து ஒன்று செய்து பார்த்தேன். நெஞ்சுக்கறிக்கு அடியில் நீளமாக ஒரு சின்னத் துண்டு இருக்குமே, அதில் ஓடும் வெள்ளை நரம்பைப் பிடித்து இழுத்தேன். இறக்கை சட்டென்று மேலே எழுந்தது! இறக்கையைத் தூக்கும் தசை முதுகில் இல்லை, நெஞ்சில் இருக்கிறது. நான் இழுத்த அந்த வெள்ளை நரம்பு, அதாவது அதன் தசைநாண், தோளில் இருக்கும் ஒரு துளைக்குள் புகுந்து திரும்புகிறது, கிணற்று ராட்டினத்தில் கயிறு திரும்புவது மாதிரி.

இப்போது டெரோசார். டைனோசர் காலத்தில் வாழ்ந்த பறக்கும் ஊர்வன. இது பறவையும் இல்லை, டைனோசரும் இல்லை. இறக்கைச் சவ்வைத் தாங்கியது நான்காவது விரல், நம் மோதிர விரல் மாதிரி, ஆனால் அசுர நீளம். 1784-ல் டெரோசாரை முதலில் விவரித்த இயற்கை ஆய்வாளர் கொலினி, அது கடல் பிராணியாக இருக்கலாம் என்று நினைத்தார்! 1971-ல் டெக்சாஸில் கிடைத்த கெட்சல்கோட்லஸ் என்ற டெரோசாருக்கு இறக்கை விரிப்பு சுமார் 10 மீட்டர். அவ்வளவு பெரிய உடம்பு தரையைவிட்டு எப்படி எழும்பும்? பறவை காலால் உந்தும், அதனால் தொடை எலும்பு வலுவாக இருக்கும். பெரிய டெரோசாரில் கை எலும்புதான் தொடையைவிட எவ்வளவோ பலம். ஆகவே நான்கு காலில் நின்று, கையால் தரையை உதைத்து எழும்பியிருக்கும் என்று 2008-ல் மைக்கேல் ஹபீப் என்ற ஆய்வாளர் வாதிட்டார். எனக்கு அது சரியாகத்தான் படுகிறது. நான்கு காலால் நடந்த தடங்களும் பாறையில் கிடைத்திருக்கின்றன.

இருங்கள், கோட்டைச் சுவரில் அந்தப் புறா கிளம்பப் போகிறது. வீடியோவை மெதுவாக ஓட்டிக் காட்டுகிறேன். இறக்கை அடிப்பதற்கு முன்னால் அந்தக் கால் மடங்கி உதைப்பதைப் பாருங்கள்!