ஓடுபாதையில் நமக்கு எந்த நேரம்?

வணக்கம் நேயர்களே.

கட்டுநாயக்க விமான நிலையத்துக்கு ஆள் ஏற்றவோ இறக்கவோ போகிறவர்கள் எல்லோரும் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. "ஏன் இந்த பிளேன் எல்லாம் சாமத்திலயும் விடியப்புறத்திலயும் வந்து போகுது?" வளைகுடாவுக்கு வேலைக்குப் போகும் மகளை வழியனுப்ப, மட்டக்களப்பிலிருந்து வேன் பிடித்து வந்து, சுவரோரம் துணி விரித்துக் குழந்தையைக் கிடத்தியிருக்கிற குடும்பங்களை நான் எத்தனையோ இரவுகளில் பார்த்திருக்கிறேன். அந்த நேரத்தைக் கொழும்பு மட்டும் தெரிவுசெய்வதில்லை. டுபாயிலும் டோஹாவிலும் விமானங்கள் அலை அலையாக வந்திறங்கி, பயணிகளை மாற்றி ஏற்றிக்கொண்டு ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் போகின்றன. அந்த அலையைப் பிடிக்க வேண்டுமென்றால் இங்கிருந்து இன்ன மணிக்குக் கிளம்பியே ஆகவேண்டும்.

விமான நிறுவனம் ஒன்றின் கால அட்டவணைப் பிரிவில் பல வருடம் வேலை பார்த்தவன் என்ற முறையில், அந்த "இன்ன மணி" யாருக்குச் சொந்தம் என்பதைத்தான் இன்று பேச விரும்புகிறேன். எங்கள் தொழிலில் அதை ஸ்லொட் என்போம். நெரிசலான விமான நிலையத்தில், குறித்த நாளில், குறித்த நிமிடத்தில் இறங்கவோ எழும்பவோ தரப்படும் அனுமதி அது. ஓடுபாதை மட்டுமல்ல, விமானம் நிற்க இடம், பயணிகள் வெளியேற முனையம் எல்லாம் அதற்குள் அடக்கம்.

ஓடுபாதை நேரத்துக்குத் தட்டுப்பாடு வந்தால் என்ன ஆகும் என்பதைக் கொழும்பு ஒரு தடவை நேரில் கண்டது. கட்டுநாயக்கவில் இருப்பது ஒரே ஓடுபாதை. 2017 ஜனவரி 6 முதல் மூன்று மாதம், அதைத் திருத்துவதற்காகக் காலை எட்டரையிலிருந்து மாலை நாலரை வரை மூடினார்கள். இருபத்துநாலு மணித்தியால வேலையைப் பதினாறில் அடக்க வேண்டியிருந்தது. சில நிறுவனங்கள் பறப்புகளைக் குறைத்தன, சில நேரத்தை மாற்றின. ஆறு மில்லியன் பயணிகளுக்கென்று கட்டிய முனையம் ஏற்கெனவே கொள்ளளவைத் தாண்டியிருந்த காலம். இரவில் வரிசைகள் வாசல் வரை நீண்டன. நமக்கு அது மூன்று மாதத்தோடு முடிந்தது. லண்டன் ஹீத்ரோவுக்கு அது வருடம் முழுவதும் உள்ள நிலைமை.

ஹீத்ரோவில் இரண்டு ஓடுபாதைகள். ஆண்டுக்கு 4,80,000 இறக்க ஏற்றங்களுக்கு மேல் கூடாது என்பது அங்கே விதி. கணக்குப் பார்த்தால் நாளொன்றுக்கு ஆயிரத்து முந்நூறு சொச்சம். அதில் பாதிக்குக் கொஞ்சம் மேலே பிரிட்டிஷ் எயார்வேஸும் அதன் தாய்க் குழுமமும் வைத்திருக்கின்றன. மிச்சத்துக்குத்தான் உலகம் முழுவதும் முட்டிமோதுகிறது.

பங்கிடும் முறை இதுதான். வருடத்துக்கு இரண்டு பருவம். மார்ச் கடைசி ஞாயிறு தொடங்கி ஒக்டோபர் கடைசி வரை கோடை, மற்றது குளிர்காலம். ஒவ்வொரு பருவத்துக்கும் முன்னால் உலக நிறுவனங்கள் எல்லாம் ஒரு மாநாட்டில் கூடும். பெரிய மண்டபத்தில் வரிசை வரிசையாகச் சின்ன மேசைகள். ஒவ்வொரு மேசையிலும் ஒரு விமான நிலையத்தின் ஸ்லொட்டுகளைப் பங்கிடும் ஒருங்கிணைப்பாளர் மடிக்கணினியோடு இருப்பார். குறித்துத் தந்த சில நிமிடங்களுக்குள் நம் கதையைச் சொல்லி முடிக்க வேண்டும். "எங்களுக்கு மாலை ஏழரை வேண்டும்" என்போம். அவர் திரையைப் பார்த்துவிட்டு, "ஒன்பதே முக்கால் இருக்கிறது, எடுக்கிறீர்களா?" என்பார். இரண்டேகால் மணித்தியாலம்தானே என்று வெளியே உள்ளவர்களுக்குத் தோன்றும். அந்த இரண்டேகால் மணியால் விமானம் கொழும்புக்குப் பிந்தி வரும். சென்னைக்கும் மாலைதீவுக்கும் மாறவேண்டிய பயணி தன் அடுத்த விமானத்தைத் தவறவிடுவார். அதே விமானம் அன்று மாலை வேறொரு ஊருக்குப் போகவேண்டியிருந்தால் அதுவும் பிந்தும். ஒரு மேசையில் ஒத்துக்கொண்ட நேரம் நாலு மேசைகளில் ஏற்பாடு செய்ததைக் குலைத்துவிடும். எழுந்து போய் அந்த நாலு மேசைகளிலும் மறுபடி கெஞ்ச வேண்டும்.

பழைய நிறுவனங்களுக்கு இந்தக் கெஞ்சல் அவ்வளவாக இல்லை. போன வருடம் இதே பருவத்தில் ஒதுக்கிய நேரத்தில் எண்பது சதவீதத்தை ஓடியிருந்தால், அந்த நேரம் இந்த வருடமும் அவர்களுக்கே. இதைப் பரம்பரை உரிமை என்றே சொல்லலாம். முப்பத்தொரு வாரக் கோடையில் ஒவ்வொரு வெள்ளியும் ஒரு பறப்பு என்று வையுங்கள். ஆறு தடவை இரத்துச் செய்யலாம், ஏழாவது தடவையோடு உரிமை போய்விடும். பெரிய நிறுவனத்துக்கு மாற்று விமானம் நிற்கிறது, சமாளிக்கும். கையில் நெடுந்தூரம் போகிற பெரிய விமானம் நாலைந்து மட்டும் வைத்திருக்கிற நாட்டுக்கு ஒரு எஞ்சின் பழுது போதும்.

இந்த விதி இன்னொரு கொடுமையையும் செய்தது. ஹீத்ரோவில் பிரிட்டிஷ் மெடிட்டரேனியன் என்ற நிறுவனம் தாஷ்கண்ட் சேவையை நிறுத்தியபோது, ஸ்லொட்டைக் காப்பாற்றுவதற்காக 2006-07 குளிர்காலத்தில் வெற்று விமானத்தைக் கார்டிஃபுக்கு ஓட்டியது. பயணி ஒருவர்கூட இல்லை. கொரோனாக் காலத்தில் ஐரோப்பிய ஒன்றியம் விதியைத் தளர்த்தியது. பிறகு பகுதியாகத் திருப்பிக் கொண்டுவந்தபோது, அந்தக் குளிர்காலத்தில் தேவையற்ற 18,000 பறப்புகளை ஓடவேண்டியிருக்கும் என்று லுஃப்தான்சா சொன்னது. அத்தனை எண்ணெயும் ஓடுபாதையில் இடம் பிடிப்பதற்காக மட்டும் எரிவதை எப்படி நியாயப்படுத்துவது?

புறக்கோட்டையில் தனியார் பஸ்காரர்களைக் கேட்டுப் பாருங்கள். நல்ல நேரத்து பேர்மிட்டுக்கு என்ன விலை போகிறது என்று சொல்வார்கள். பஸ்ஸை விட பேர்மிட் பெறுமதி கூடியது. ஹீத்ரோவிலும் அதே கதைதான். 2016இல் ஓமான் எயார் ஒரு இறக்கத்துக்கும் ஒரு எழும்பலுக்குமாக 75 மில்லியன் டொலர் கொடுத்ததாகச் செய்திகள் வந்தன. அந்தக் காசு விமான நிலையத்துக்குப் போகவில்லை. விமான வழிக்குக் கீழே, காது அடைக்கும் இரைச்சலில் குடியிருக்கும் ஹவுன்ஸ்லோ மக்களுக்கும் போகவில்லை. அந்த நேரத்தை முன்பு இலவசமாகப் பெற்ற இன்னொரு விமான நிறுவனத்துக்குப் போனது. எனக்கு இதில் உள்ள மனவருத்தம் அதுதான்.

இரண்டு நிறுவனங்கள் மூடப்பட்ட கதையைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொல்வேன். பிரித்தானியாவின் மொனார்க் 2017 ஒக்டோபரில் விழுந்தது. விமானமே ஓடாத நிறுவனத்துக்கு ஸ்லொட் கிடைக்குமா என்று வழக்கு நடந்தது. கிடைக்கும் என்றது மேன்முறையீட்டு நீதிமன்றம். லண்டனுக்கு அருகிலுள்ள கட்விக் விமான நிலையத்தில் அதற்கிருந்த ஸ்லொட்டுகளை பிரிட்டிஷ் எயார்வேஸின் குழுமம் வாங்கியது. ஏற்கெனவே பெரிதாக இருந்தது இன்னும் பெரிதானது. இந்தியாவில் ஜெட் எயார்வேஸ் 2019 ஏப்ரலில் நின்றபோது, மும்பாயிலும் டில்லியிலும் அதன் நேரங்களை அரசு எடுத்து மற்ற நிறுவனங்களுக்குப் பிரித்துக் கொடுத்தது. அவை நிறுவனத்தின் சொத்து அல்ல என்பது அரசின் நிலைப்பாடு. ஜெட்டுக்கு மறுபடி உயிர் கொடுக்க முயன்றவர்களுக்கு அது பெரிய அடி. கடைசியில் 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் கலைக்க உத்தரவிட்டது. அங்கே வேலையிழந்தவர்களை நினைத்தால் மனம் கனக்கிறது. ஆனாலும் ஓடுபாதை நேரம் மக்களின் பொதுச்சொத்து என்ற அந்த நிலைப்பாட்டின் பக்கம்தான் நான் நிற்கிறேன்.

நமக்கு இதில் என்ன என்று கேட்பீர்கள். ஸ்ரீலங்கன் எயார்லைன்ஸை விற்பதா வைத்திருப்பதா என்ற பேச்சு வரும்போதெல்லாம் கடனையும் விமானங்களையும் கணக்கிடுகிறார்கள். 2016இல் பாரிசையும் ஃபிராங்பர்ட்டையும் கைவிட்டபோதும் ஹீத்ரோவை விடவில்லை. அது சரியான முடிவு. ஹீத்ரோ நேரத்தை ஒருமுறை இழந்தால் பிறகு நம் பணத்தில் வாங்கவே முடியாது. யார் கைக்கு நிறுவனம் போனாலும், அந்த நேரம் கொழும்பு–லண்டன் சேவைக்கு மட்டுமே என்று ஒப்பந்தத்தில் எழுதியாக வேண்டும்.

இப்படி எழுதாததால் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். குர்ன்சி என்பது ஆங்கிலக் கால்வாயில் ஒரு சின்னத் தீவு. அங்கிருந்து ஹீத்ரோவுக்குப் போய்வந்த எயார் யூ.கே. நிறுவனம், தன் நேரங்களை பிரிட்டிஷ் எயார்வேஸுக்கு மாற்றிவிட்டது. தீவின் நிர்வாகம் வழக்குப் போட்டது. 1999இல் தோற்றது. ஓடுபாதை நெருக்கடியில் முதலில் வெளியே தள்ளப்படுவது சின்ன ஊரின் சின்ன விமானம்தான், ஏனென்றால் எழுபது பேர் ஏறும் விமானமும் முந்நூறு பேர் ஏறும் விமானமும் ஒரே அளவு நேரத்தைத்தான் எடுக்கின்றன.

இதைக் கேட்கும்போது எனக்கு யாழ்ப்பாணத்தின் பலாலி விமான நிலையம்தான் ஞாபகம் வருகிறது. 2019 நவம்பரில் அலையன்ஸ் எயார் சென்னையிலிருந்து சிறிய ஏடிஆர் விமானத்தைக் கொண்டுவந்தது. அடுத்த மார்ச்சில் நின்றது. 2022 டிசம்பரில் திரும்பி வந்தது. 2024 செப்டெம்பரில் இண்டிகோவும் சேர்ந்தது. மருத்துவத்துக்கும் கோயிலுக்கும் கலியாணத்துக்கும் சென்னை போகிற வடபகுதி மக்களுக்கு அது பெரிய ஆறுதல். கொழும்பு வரை இரவு பஸ்ஸில் இடிபட்டு, பிறகு கட்டுநாயக்கவில் காத்திருக்கும் துன்பம் இல்லை. ஆனால் சென்னையும் நெரிசலான விமான நிலையம். அங்கே நேரம் இறுகிக்கொண்டு போனால், டில்லிக்கும் மும்பாய்க்கும் போகிற பெரிய விமானத்தின் முன்னால் பலாலி விமானத்துக்காக யார் பேசுவார்கள்?

இரு நாடுகளுக்கிடையில் விமான சேவை உடன்படிக்கை எழுதும்போது வாரத்துக்கு எத்தனை பறப்பு, எந்தெந்த ஊருக்கு என்று குறிப்பிடுகிறோம். அந்த உரிமையோடு ஓடுபாதையில் நேரம் தானாக வராது. உரிமை கையில் இருந்தும் நேரம் கிடைக்காமல் சும்மா கிடக்கும் உடன்படிக்கைகள் உலகத்தில் உண்டு. ஆகவே டில்லியோடு அடுத்த தடவை பேச உட்காரும் நம் அதிகாரிகளிடம் நான் கேட்பது இதைத்தான்: பலாலி–சென்னை சேவைக்குச் சென்னையில் ஒரு காலை நேரமும் ஒரு மாலை நேரமும் ஒதுக்கித் தரவேண்டும், எந்த நிறுவனம் வந்தாலும் போனாலும் அந்த நேரம் யாழ்ப்பாணத்துக்கே உரியதாக இருக்கவேண்டும் என்று எழுத்தில் வாங்குங்கள். காலையில் போய் வைத்தியரைப் பார்த்துவிட்டு மாலையில் வீடு திரும்ப நினைக்கும் ஒரு நோயாளிக்கு அந்த இரண்டு நேரமும் வேண்டும்.

நன்றி, வணக்கம்.