பனி மூட்டத்தில் இறைச்சி காயுமா? நுவரெலியாத் தங்கச்சியின் சந்தேகமும் குசினிச் சுவரில் இருக்கும் விமானமும்

எல்லோருக்கும் வணக்கம். இன்றைக்கு ஒரே ஒரு கேள்விதான், ஆனால் அதற்குள் மூன்று கேள்வி இருக்கிறது. நுவரெலியாவிலிருந்து ஒரு தங்கச்சி எழுதியிருக்கிறார். வாசிக்கிறேன். "அண்ணா, போன வீடியோவைப் பார்த்து ஒரு கிலோ மாட்டிறைச்சி வாங்கி உப்புப் போட்டுக் காயவைத்தேன். வெயிலே வரவில்லை. மூன்றாம் நாள் வெள்ளை பூத்துவிட்டது, அவ்வளவையும் கொட்டிவிட்டேன். எங்கே பிழை விட்டேன்? பில்டோங் என்று வெளிநாட்டில் செய்கிறார்களே, அந்த முறையில் போட்டால் சரிவருமா? அப்புறம், உங்கள் குசினிச் சுவரில் ஆறு எஞ்சின் வைத்த ஒரு விமானப் படம் தொங்குகிறதே, அது எங்கே எடுத்தது?"

தங்கச்சி, முதலில் அந்த ஒரு கிலோவுக்காக மனம் வருத்தப்படுகிறது. இன்றைக்கு இறைச்சி விற்கிற விலைக்கு அதைக் கொட்டுவது சின்ன விஷயம் இல்லை. ஆனால் பிழை உங்கள் கையில் இல்லை, என் வீடியோவில் இருக்கிறது. நான் பண்டாரவளையில் இருந்துகொண்டு, இங்கே அடிக்கிற காற்றை நம்பிச் சொல்லிவிட்டேன். நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிற ஊர். பகலில் ஒரு மணி நேரம் வெயில் காட்டும், பிறகு பனி மூட்டம் இறங்கிவிடும். காலையில் காய்ந்ததைவிடக் கூடுதலான ஈரத்தை மாலையில் இறைச்சி திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். உப்பு போட்ட பண்டம் ஈரத்தை இழுக்கும் என்பது உங்களுக்கே தெரியும், மழைக்காலத்தில் உப்புப் போத்தலைப் பார்த்தாலே போதும்.

இங்கே ஊவாப் பக்கம் ஜூலை, ஆகஸ்டில் கச்சான் காற்று வீசும். தென்மேற்குப் பருவமழை மேற்கு மலையிலேயே கொட்டித் தீர்ந்துவிட, மலையைத் தாண்டி இறங்குகிற காற்று காய்ந்த காற்றாக வருகிறது. ஊவாத் தேயிலைக்கு அந்த மாதங்களில் தனி மணம் வருவதும் இந்தக் காற்றால்தான். துணி ஒரு மணி நேரத்தில் மொறுமொறு என்று காயும், உதடு வெடிக்கும். அந்த நேரத்தில் இறைச்சியைக் கொடியில் போட்டால் தானாகக் காயும். அதே ஜூலையில் அட்டனிலும் நுவரெலியாவிலும் மழை. உங்களுக்கு ஜனவரி முதல் மார்ச் வரைதான் நல்ல காலம். மற்ற மாதங்களில் வெயிலை மறந்துவிடுங்கள். அடுப்புத்தான் கதி.

அந்த வெள்ளையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். வெள்ளையாக இருப்பதெல்லாம் பூஞ்சணம் இல்லை. காய்கிறபோது உள்ளே இருக்கிற உப்பு வெளியே வந்து தூளாகப் படியும். ஈர விரலால் தொட்டால் கரைந்து போகும், நாக்கில் கரிக்கும். பூஞ்சணம் அப்படி இல்லை. சாய்த்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் பூனை மயிர் மாதிரி மெல்லிசாக நிமிர்ந்து நிற்கும், சில இடத்தில் பச்சை தட்டும், மண் வாசனை அடிக்கும். மூன்றாம் நாள், வெயிலே இல்லை என்று நீங்கள் சொல்வதைப் பார்த்தால் அது பூஞ்சணம்தான். கொட்டியது சரி. மேலே துடைத்துவிட்டு வினாகிரி தேய்த்துச் சாப்பிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

சரி, இப்போது மலைக்கு ஏற்ற முறை. கொழுப்பில்லாத தொடை இறைச்சி எடுங்கள். கொழுப்பு காயாது, கிடக்கக் கிடக்கக் காறிப் போகும். வெள்ளையாகத் தெரிவதையெல்லாம் வெட்டி எடுத்துவிடுங்கள். இறைச்சியை ஒரு மணி நேரம் உறைபெட்டியில் வைத்து, பாதி இறுகியதும் வெட்டினால் கத்தி வழுக்காது. அரை சென்ரிமீற்றர் தடிப்பு, அதற்கு மேல் போகாதீர்கள். நாருக்குக் குறுக்கே வெட்டினால் மெல்ல இலகு, நார் போகிற பக்கமாக வெட்டினால் கொடியில் அறுந்து விழாது. நான் நாரோடுதான் வெட்டுகிறேன், எப்படியும் கடைசியில் இடிக்கத்தானே போகிறோம்.

ஒரு கிலோவுக்கு 40 கிராம் உப்பு, மேசைக்கரண்டியில் நிறைய நிறைய இரண்டு. மஞ்சள் ஒரு தேக்கரண்டி, கரகரப்பாக இடித்த மிளகு இரண்டு தேக்கரண்டி, செத்தல் மிளகாய்த் தூள் உங்கள் வாய்க்கு ஏற்ற மாதிரி. தென்னை வினாகிரி அரைக் கோப்பை. பிசைந்து மூடி, ஓர் இரவு பிரிட்ஜில் வைத்துவிடுங்கள். வெளியில் வைக்க வேண்டாம், குளிர் ஊர்தானே என்று நினைக்கவும் வேண்டாம்.

அடுத்த நாள் செய்கிற வேலையைத்தான் போன வீடியோவில் நான் அழுத்திச் சொல்லவில்லை. இறைச்சியைக் காயவைப்பதற்கு முன் அவியுங்கள். இட்லிப் பானையில் வைத்து ஆவி காட்டினால் போதும். இறைச்சியின் நடுவில் 71 பாகை செல்சியஸ் வர வேண்டும். சமையல் வெப்பமானி ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், அதற்குக் கொடுக்கிற காசு வீண் போகாது. நுவரெலியா உயரத்தில் தண்ணீர் 94 பாகை அளவிலேயே கொதித்துவிடும், அதனால் கடற்கரை ஊர்க்காரர் சொல்கிற நேரத்தை நம்பாமல் வெப்பமானியை நம்புங்கள். பச்சையாகக் காயவைத்தால், காய்கிறபோதே கிருமிகள் சூட்டுக்குப் பழகி உலர்ந்த இறைச்சியிலும் உயிரோடு கிடக்கும். முதலில் வெந்துவிட்டால் அந்தப் பயம் இல்லை.

பிறகு கம்பியில் கோர்த்து அடுப்புக்கு மேலே கட்டுங்கள். ஒரு துண்டு இன்னொன்றைத் தொடக்கூடாது, தொட்ட இடத்தில்தான் முதலில் பூக்கும். எங்கள் அம்மா தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், இருந்த காலத்தில் அடுப்புக்கு மேலே பரண் இருந்தது. மிலாறு, அதுதான் தேயிலைச் சுள்ளி, அடுக்கிக் காயவைப்பதும் அங்கேதான், இறைச்சி தொங்குவதும் அங்கேதான். கவ்வாத்து வெட்டிய தேயிலை மிலாறு நன்றாகக் காய்ந்திருந்தால் சீராக எரியும், சூடும் நிற்கும். கொய்யா, கோப்பி விறகும் நல்லது. பைன், யூகலிப்டஸ் வேண்டவே வேண்டாம், பிசின் புகை படிந்து இறைச்சி கசக்கும். இறைச்சி தொங்குகிற உயரத்தில் 55 முதல் 60 பாகை இருந்தால் போதும். தீயைக் கூட்டினால் வெளித்தோல் இறுகி, உள்ளே ஈரம் மாட்டிக்கொள்ளும். வெளியே பார்த்தால் காய்ந்த மாதிரி இருக்கும், நடுவில் கெட்டுப்போகும். கதவு ஜன்னலை மூடிவிட்டுப் புகை போடாதீர்கள், உயிருக்கு ஆபத்து.

இரவில் அடுப்பு அணைந்தால் இறக்கி பிரிட்ஜில் வைத்துவிட்டு, காலையில் மறுபடி கட்டுங்கள். காய எனக்கு இரண்டு பகல் எடுக்கும். விறகடுப்பு இல்லாதவர்கள் மின்சார அவனில் 60 பாகையில் வைத்து, கதவில் ஒரு மரக்கரண்டியைச் செருகி, ஈரம் வெளியேற வழி விடுங்கள். ஆறு மணி நேரத்துக்குப் பிறகு பார்க்கத் தொடங்குங்கள்.

காய்ந்ததா என்று பார்ப்பது இப்படி. ஒரு துண்டை ஆறவிட்டு வளையுங்கள். மேலே வெடிப்பு விட்டு, உள்ளே நார் வெள்ளையாகத் தெரிய வேண்டும். ஈரம் கசிந்தால் இன்னும் ஒரு பகல். ஒரு கிலோ போட்டால் 350, 400 கிராமுக்கு இறங்கியிருக்கும். தராசில் வைத்தால் அரைக் கிலோவுக்கு மேல் காட்டுகிறதா, அது இன்னும் காயவில்லை.

பில்டோங் பற்றி. அது தென்னாபிரிக்காவில் குடியேறிய டச்சு வழியினரான போயர்கள் செய்கிற உலர் இறைச்சி. வினாகிரி, உப்பு, கொத்தமல்லி, மிளகு போட்டு, அவிக்காமல், தடிப்பாக வெட்டிக் காற்றில் தொங்கவிடுவார்கள். அங்கே குளிர்காலக் காற்று குளிர்ந்தும் காய்ந்தும் இருக்கும், அதனால் அவர்களுக்குச் சரிவருகிறது. உங்கள் ஊரில் குளிர் இருக்கிறது, காய்ந்த காற்று இல்லை. எனவே வேண்டாம். இன்னொன்று, அந்தப் போயர்கள் நமக்கு அந்நியர்களும் இல்லை. 1900இல் போரில் பிடிபட்ட 5,000 அளவிலான போயர் கைதிகளை ஆங்கிலேயர் கொண்டுவந்து அடைத்தது இங்கே பக்கத்தில், தியத்தலாவையில்தான். அந்த வழியாக பஸ்ஸில் போகும்போதெல்லாம் எனக்கு அந்த நினைப்பு வரும்.

இனி சுவரில் இருக்கும் படம். அது அன்டனோவ் 225, பெயர் மிரியா. உக்ரேனிய மொழியில் கனவு என்று பொருள். 2018 ஏப்ரலில் மத்தளை விமான நிலையத்தில் வந்து இறங்கியது. செய்தி கேட்டதும் நானும் மச்சானும் அவருடைய வேனில் புறப்பட்டோம். எல்ல, வெல்லவாய, தனமல்வில என்று இறங்க இறங்கச் சட்டை நனைகிற வெக்கை. சாப்பாட்டுக்கு நிற்க நேரமில்லை. மார்ச்சில் போட்ட இறைச்சியை வறுத்து ரொட்டியோடு சுற்றி எடுத்துப் போயிருந்தோம், அதைத்தான் வேலிக்கு வெளியே நின்று சாப்பிட்டோம்.

அதன் சிறகு ஒரு நுனியிலிருந்து மறு நுனிக்கு 88 மீற்றர். நான் பிறந்த லயத்தைப் போல் இரண்டு லயத்தை வரிசையாக வைத்தாலும் அந்த நீளம் வராது. ஆறு எஞ்சின், 32 சக்கரம். சோவியத் காலத்தில் புரான் விண்ணோடத்தை முதுகில் சுமப்பதற்காகக் கட்டியது, 1988இல் முதலில் பறந்தது. அந்த ஒன்றுதான் பறந்தது, இரண்டாவதைக் கட்டி முடிக்கவே இல்லை. படத்தைக் கிட்டப் போய்ப் பார்த்தால் சக்கரங்கள் நெளிந்து தெரியும். என் கை ஆடவில்லை, ஓடுபாதையிலிருந்து எழும்பிய அனல் அது. எனக்கு அந்த நெளிவே பிடிக்கும், அன்றைய வெக்கை அதில் இருக்கிறது. 2022 பெப்ரவரியில் கீவுக்குப் பக்கத்தில் ஹொஸ்டமெலில், ரஷ்யப் போரில் அதை அழித்துவிட்டார்கள். அந்தச் செய்தி வந்த இரவுதான் படத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டேன்.

அதற்கு முன்னே எடுத்து இழந்த படமும் உண்டு. காசல்ரீ நீர்த்தேக்கத்தில் செஸ்னா கரவான் நீர்விமானம் இறங்கும். மலைக்கு நடுவே, தேயிலைக்கு மேலே தாழப் பறந்து வந்து தண்ணீரில் இரண்டு வெள்ளைக் கோடு கிழிக்கும். ஒரு விடியலில் பனி விலகுகிற நேரம் பார்த்து எடுத்தேன். கழுவிப் பார்த்தால் எல்லாமே பால் ஊற்றிய மாதிரி. பனி என்றுதான் நினைத்தேன். லென்ஸை டோர்ச் வெளிச்சத்தில் பிடித்தபோது உள்ளே சிலந்தி வலை மாதிரி பூஞ்சணம். மழைக்காலம் முழுவதும் தோல் உறையில் போட்டு அலுமாரியில் வைத்திருந்தேன். தோல் ஈரத்தைப் பிடித்துக்கொண்டது. உங்கள் இறைச்சியில் பூத்ததும் அதே வர்க்கம்தான் தங்கச்சி. அதற்குப் பிறகு லென்ஸ் எல்லாம் காற்றுப் புகாத பெட்டியில், சிலிக்கா ஜெல்லோடு. இதைப் பார்த்துவிட்டு இறைச்சிப் போத்தலில் நிறம் மாறுகிற சிலிக்கா ஜெல்லைப் போட்டுவிடாதீர்கள், அது சாப்பாட்டுக்கு ஆகாது.

கச்சான் காலத்தில் எடுத்த ஹெலிகொப்டர் படமும் இருக்கிறது, பெல் 212. இறைச்சி காய்கிற அதே காற்றில்தான் புல் மலைகள் பற்றிக்கொள்ளும். விமானப்படை ஹெலிகொப்டர் கயிற்றில் ஒரு பெரிய துணி வாளியைத் தொங்கவிட்டுக்கொண்டு வரும். குளத்தில் முக்கி எடுத்து, தீக்கு மேலே வந்ததும் அடிவாயைத் திறந்துவிடும். தண்ணீர் ஒரே கட்டியாக விழாமல் காற்றில் சேலை மாதிரி விரிந்தது. கீழே நின்ற எங்கள் முகத்தில் சாம்பலும் தூறலும் சேர்ந்து விழுந்தது. யுத்த காலத்தில் ஒரு தமிழ்ப் பையன் கெமராவை வானத்துக்கு நீட்டினால் பதில் சொல்லியே களைத்துவிடுவான். இப்போதும் முகாம் பக்கம் கெமராவைத் திருப்பாதீர்கள், கேட்டுவிட்டு எடுங்கள்.

சுவரில் மாட்டாத படமும் ஒன்று இருக்கிறது. நோட்டன் பிரிட்ஜில் வைத்திருக்கிற விமானச் சக்கரம். 1974 டிசம்பர் 4ஆம் திகதி இரவு, இந்தோனேசியாவிலிருந்து ஹஜ்ஜுக்குப் போனவர்களை ஏற்றி வந்த டிசி 8 விமானம் ஏழு கன்னியர் மலையில் மோதியது. 191 பேர், ஒருவரும் மிஞ்சவில்லை. அப்பா அந்தப் பக்கத் தோட்டத்தில்தான் அப்போது வேலை செய்தார். மலையை நிமிர்ந்து பார்க்கிற நேரமெல்லாம் பேச்சை நிறுத்திவிடுவார். படம் அவருடைய பெட்டியில் இருக்கிறது.

சரி தங்கச்சி, உங்கள் அடுத்த கிலோவுக்கு வருவோம். காய்ந்ததைக் கண்ணாடிப் போத்தலில் போட்டு மூடி இரண்டு நாள் பாருங்கள். உள்பக்கம் வேர்த்தால் உடனே வெளியே எடுத்து மறுபடி அடுப்புக்கு மேலே கட்டுங்கள். வேர்க்காவிட்டால் ஒரு மாதத்துக்குள் முடித்துவிடுங்கள், கூட நாள் வேண்டுமென்றால் உறைபெட்டி. சாப்பிடுகிற அன்று சுடுதண்ணீரில் இருபது நிமிடம் ஊறவைத்துப் பிழிந்து, தணலில் வாட்டி, உரலில் நார் நாராக இடியுங்கள். சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், தேங்காய்ப்பூ, கடைசியில் தேசிக்காய்ப் புளி. உப்பு போடாதீர்கள், இறைச்சியிலேயே இருக்கிறது. ரொட்டி சூடாக இருக்க வேண்டும்.