மூங்கில் கோல் ஆற்றுக்கா, அலமாரிக்கா?

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். ஓடும் ஆற்றில் ட்ரௌட் மீன் பிடிக்க இன்றைக்கும் ஏற்றது கையால் செய்த மூங்கில் கோலா, ஆலையில் உருவாகும் கார்பன் இழைக் கோலா என்ற வழக்கில் நான் மூங்கிலின் பக்கம் நிற்கிறேன். எனக்கு முன் பேசிய எதிரணி நண்பர், மூங்கில் பாடை கட்டத்தான் ஆகும் என்று சொல்லிக் கைதட்டல் வாங்கிக்கொண்டு அமர்ந்தார். கைதட்டல் அவருக்கே இருக்கட்டும். அவர் சொல்வது எந்த மூங்கில் என்பதை மட்டும் முதலில் கேட்டுவிடுகிறேன்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில், அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்து ஈஸ்டன் நகரில், துப்பாக்கி செய்யும் தொழிலில் இருந்த சாமுவேல் பிலிப்பி என்பவர் மூங்கிலைப் பிளந்து, மீண்டும் ஒட்டித் தூண்டிற்கோல் செய்தார். அந்தக் காலத்துக் கோல்களுக்குப் பயன்பட்டது இந்தியாவிலிருந்து கப்பலேறிப் போன ‘கல்கத்தா’ மூங்கில். ஆகவே நண்பர் பாடைக்கு அனுப்பிய நம் நாட்டுச் சரக்குதான் இந்தக் கலைக்கே கால்கோள் இட்டது. பிற்பாடு அதன் இடத்தை டொங்கின் மூங்கில் பிடித்துக்கொண்டது. பெயர்தான் வியட்நாமுடையது, விளைவது சீனாவின் குவாங்டாங் மாநிலத்து மலைச்சரிவுகளில். கணுக்கள் தள்ளித் தள்ளி இருக்கும்; புறத்தோலை ஒட்டிய நார் நெருக்கமாகவும் உரமாகவும் இருக்கும். அதற்கு 1931இல் அறிவியல் பெயர் சூட்டிய தாவரவியலாளர் மெக்ளூர், ‘விரும்பத்தக்கது’ என்று பொருள்படும் இலத்தீன் சொல்லை அதில் சேர்த்தார்.

இனி, கோலுக்கு என்ன வேலை என்பதைப் பார்ப்போம். மீனை ஏய்க்க இரையாக வீசும், இறகும் நூலும் கொண்டு கட்டிய போலி ஈக்கு எடை என்று சொல்ல ஒன்றுமில்லை. எடை முழுவதும் தடித்த தூண்டில் நரம்பில்தான் இருக்கிறது. பின்னால் வீசிய நரம்பு காற்றில் நீண்டு கோலை வளைக்க, வளைந்த கோல் நிமிரும்போது அந்த நரம்பு முன்னே பாய்கிறது. ஆக, கோலைப் பற்றிய வழக்கு என்பது வளைவைப் பற்றிய வழக்கு. அந்த வளைவு எங்கே தொடங்க வேண்டும், எங்கே அடங்க வேண்டும் என்பதை மூங்கிலில் முடிவு செய்கிறவர் இழைப்புளி பிடித்த ஆள்.

இரண்டு துண்டுக் கோல் ஒன்றுக்கு, மரபுப்படி ஒரு மாற்று நுனியும் சேர்த்து, துண்டுக்கு ஆறு வீதம் பதினெட்டு மூங்கில் பிளாச்சுகள் வேண்டும். அறுபது பாகைப் பள்ளம் வெட்டிய, ஐந்து அங்குலத்துக்கு ஒரு திருகாணி கொண்ட எஃகு அச்சில் ஒவ்வொரு பிளாச்சையும் கிடத்தி, முக்கோணமாக இழைக்க வேண்டும். அளவு பார்ப்பது அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கு வரைக்கும். நுனிக்கு வரும்போது பிளாச்சின் உயரம் ஒரு மில்லிமீட்டர்கூட இராது. சீவல் மூச்சுக்காற்றில் பறக்கும். நான் முதன்முதல் செய்த கோலில், கணு வந்த இடத்தில் இழைப்புளியின் அலகு நாரைப் பிய்த்துக்கொண்டு போய்விட்டது. இரண்டு மாலை நேரத்து உழைப்பு வீண். அந்தப் பிளாச்சைத் தக்காளிச் செடிக்கு ஊன்றினேன். அலகைத் தீட்டாமல் வேலையில் இறங்கியது என் குற்றமே தவிர மூங்கிலின் குற்றமன்று.

இதெல்லாம் குத்துமதிப்பான கைவேலை, அறிவியலன்று என்றார்கள் எதிரணியினர். மூங்கில் கோல் செய்த எவரெட் காரிசன் ஒரு பொறியாளர். கோலின் நீளம் நெடுக, ஐந்தைந்து அங்குலத்தில் விழும் தகைவை, அதாவது வளையும்போது கோலுக்குள் எழும் அழுத்தத்தை, தாளில் கணக்கிட்ட பிறகே அவர் இழைக்க உட்கார்ந்தார். அப்படிப்பட்ட அளவுப் பட்டியல் கையில் இருந்தால், அறுபது ஆண்டுக்கு முந்தைய கோலின் நுனி முறிந்தாலும் இன்றைக்கு இன்னொரு நுனி செய்து பொருத்திவிடலாம்.

மூங்கில் தோற்றதால்தான் கைவிடப்பட்டது என்பது எதிரணியின் பெரிய ஆயுதம். 1950இல் அமெரிக்கா சீனச் சரக்குக்குத் தடை விதித்தது; அந்தத் தடை 1970களின் தொடக்கம் வரை நீடித்தது. மூலப்பொருள் வரும் வாசல் அடைபட்ட அதே காலத்தில்தான் மலிவான கண்ணாடியிழைக் கோல்கள் கடைகளை நிறைத்தன. தடை விலகிய கையோடு கார்பன் வந்து சேர்ந்தது. கோதாவுக்கே வர முடியாமல் இருபது ஆண்டுகள் கட்டிப்போடப்பட்டவனைத் தோற்றவன் என்று அறிவிப்பது என்ன நியாயம், நடுவர் அவர்களே? தண்ணீர் பட்டால் மூங்கில் கெடும் என்பதும் பழைய பல்லவி. வெர்மான்ட் மாநிலத்து ஆர்விஸ் நிறுவனம் இரண்டாம் உலகப் போர்க் காலத்தை ஒட்டியே மூங்கிலுக்குள் பிசினை ஊறவைத்து, வார்னிஷே வேண்டாத கோல்களைச் செய்யத் தொடங்கிவிட்டது.

கடலோரத்தில், எதிர்க்காற்றில், நூறடிக்கு மேல் வீச வேண்டுமென்றால் நான் கார்பனைத்தான் எடுப்பேன். அதை மறைக்க மாட்டேன். விலை கூடுதல் என்பதும் மெய்தான், ஒரு கோலுக்கு நாற்பது மணி நேரமாவது உழைப்புப் போகிறதே! ஆனால் இன்றைய வழக்கு ட்ரௌட் வாழும் ஆற்றைப் பற்றியது. அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்துக் கேட்ஸ்கில் மலைப் பக்கத்து ஆறுகளில், முழங்கால் நீரில் நின்று, முப்பதடி தொலைவில் மேலெழும் மீனுக்கு முன்னால் ஈயை ஓசையின்றி இறக்க வேண்டும். ஈயைக் கட்டியிருக்கும் தங்கூசி என்னும் மெல்லிய இழையின் கனம் 0.13 மில்லிமீட்டர். ஒன்றரைக் கிலோ மீன் வெடுக்கென்று இழுக்கும்போது விறைத்து நிற்கும் கோல் அந்தத் தங்கூசியை அறுத்துவிடும். மூங்கில் நுனி மீனோடு சேர்ந்து குனிந்து, அந்த இழுப்பைத் தானே வாங்கிக்கொள்ளும்.

என் கோலின் மாற்று நுனியை மேசைமேல் வைத்திருக்கிறேன். எதிரணித் தலைவர் பேச வரும்போது அதை ஒரு முறை வளைத்துப் பார்த்துவிட்டுத் தொடங்கட்டும். வணக்கம்.