கோமகன் இழுத்த நேர்கோடு

நண்பர்களே, ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் வட்டார வரைபடத்தில், லுட்விக்ஸ்பூர்க் அரண்மனையிலிருந்து தென்மேற்கே மலை விளிம்பில் இருக்கும் சொலிட்யூட் அரண்மனை வரை ஒரு கோடு ஓடும். சுமார் 13 கிலோமீட்டர். நடுவில் ஒரு வளைவுகூடக் கிடையாது.

அந்தப் பகுதியை ஆண்ட வூர்ட்டம்பெர்க் கோமகன் கார்ல் ஆய்கன் தன் இரண்டு அரண்மனைகளுக்கும் இடையே போய்வர 1760-களில் போட்ட சாலை இது. ஊரையும் ஊரையும் சேர்க்கப் போட்டதல்ல. வயலைச் சுற்றிக்கொண்டு போகலாமே என்று அவரிடம் யார் சொல்வது? குடியானவர்கள் கூலியில்லாமல் கட்டாயமாக வெட்டி வேலை செய்த காலம் அது.

சொலிட்யூடில் மரக்கன்றுப் பண்ணையைக் கவனித்தவர் கவிஞர் ஷில்லரின் தந்தை. படை மருத்துவராக இருந்த ஷில்லர் மருத்துவம் தவிர வேறெதுவும் எழுதக் கூடாது என்று கோமகன் தடை போட்டதும், 1782 செப்டம்பரில் அவர் ஊரைவிட்டே ஓடினார். அன்றிரவு ரஷ்யப் பட்டத்து இளவரசருக்காக சொலிட்யூட் முழுக்க விளக்கலங்காரம். லுட்விக்ஸ்பூர்க் பக்கமாக வண்டியில் போன அந்த 22 வயது இளைஞர், தொலைவில் தெரிந்த வெளிச்சத்தில் தன் பெற்றோர் இருக்கும் இடத்தை நண்பருக்குக் காட்டினார். எனக்கு இந்தச் சாலை என்றாலே முதலில் நினைவுக்கு வருவது அந்த இரவுதான்.

சரி, அப்புறம் நடந்ததுதான் முக்கியம். நில வரியை ஒழுங்காகப் போட 1818-இல் வூர்ட்டம்பெர்க் நாடு முழுவதையும் அளக்கத் தொடங்கினார்கள். முதலில் ஒரே ஒரு நேர்கோட்டை மிகத் துல்லியமாக அளந்துவிட்டால், மற்றதைக் கோணங்களை வைத்தே கணக்கிடலாம். நம் பரங்கிமலையருகே 1802-இல் ஆங்கிலேய நில அளவையாளர் லாம்டன் ஏழரை மைலுக்கு அளந்ததும் அப்படியொரு கோடுதான். இங்கே பேராசிரியர் போனென்பெர்கருக்கு அந்தக் கோடு தயாராகவே கிடந்தது. 1820-இல் இந்தச் சாலையின் நீளத்தை அளந்தார். அதிலிருந்து 15,000-க்கும் மேற்பட்ட நில வரைபடத் தாள்கள் பிறந்தன. யாருடைய வெட்டி வேலையில் சாலை வந்ததோ, அவர்களுடைய பேரப்பிள்ளைகளின் வயல் எல்லை அதை வைத்தே குறிக்கப்பட்டது. கோமகன் கட்டியவற்றிலேயே மக்களுக்கு அதிகம் பயன்பட்டது இதுதான் என்பேன்.

இன்று அது சில இடங்களில் வீடுகள் நிறைந்த நகரத் தெரு, சில இடங்களில் வயல் நடுவே சைக்கிள் பாதை. ரயில் தடமும் பெருஞ்சாலைகளும் குறுக்கே வந்து அறுத்த இடங்களில் சைக்கிள்காரர்கள் சுற்றிக்கொண்டுதான் போகிறார்கள். இனி அந்தக் கோட்டின் மேல் எதைக் கட்டினாலும், சைக்கிள் போக ஒரு வழி விட்டுக் கட்ட வேண்டும் என்பது என் ஆசை. அங்கே போகிறவர்கள் லுட்விக்ஸ்பூர்க்கிலிருந்து கிளம்புங்கள். ஏற்றமெல்லாம் கடைசியில்தான், அங்கே இறங்கித் தள்ளிக்கொண்டு போனாலும் தப்பில்லை.