"நல்லா கழுவணும்"னு எழுதினா ஸ்பெக் ஆகுமா?

அடுத்த கேள்வி ஊட்டிப் பக்கத்துல ஒரு பாலிடெக்னிக் மாணவர்கிட்ட இருந்து. கடைசி வருஷ பிராஜெக்டுக்கு கேரட் கழுவுற டிரம் மெஷின் பண்றாங்க. ஸ்பெசிபிகேஷன் (ஸ்பெக், அதாவது மெஷின் என்னென்ன செய்யணும்ங்கிற தேவைப் பட்டியல்) எழுதிக் குடுத்தா, "இது ஸ்பெக்கே இல்லப்பா"ன்னு கைடு திருப்பிக் குடுத்துட்டாராம். என்ன தப்புன்னு கேக்குறார். அவங்க எழுதினது இதான்: கேரட் நல்லா கழுவணும், அடிபடக் கூடாது, கரண்ட் கம்மியா ஆகணும், எங்க வேணாலும் கொண்டு போகலாம், டிரம் எஸ்.எஸ். 304 (ஒரு வகை ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்), மோட்டார் 2 ஹெச்.பி.

கைடு சொன்னது சரிதாங்க. முதல் நாலு வரி ஆசை. கடைசி ரெண்டும் விடை. கணக்கு போடுறதுக்கு முன்னாடியே 2 ஹெச்.பி.ன்னு எழுதிட்டா, அப்புறம் டிசைன் பண்ண என்ன இருக்கு? ஒன்றரை போதும்னு கணக்குல வந்தாலும் ஸ்பெக்குக்காக ரெண்டு வாங்குவீங்க.

ஒரு வரி ஸ்பெக்கான்னு பாக்க ஒரே வழி, சோதனையையும் பக்கத்துலயே எழுதிப் பாக்குறது. சம்பந்தமில்லாத ரெண்டு பேர் தனித்தனியா அந்த சோதனையைப் பண்ணினாலும் பாஸா ஃபெயிலான்னு ஒரே பதில் வரணும்.

"நல்லா கழுவணும்" வரியை எடுத்துக்குவோம். உள்ள போறது என்னன்னு முதல்ல எழுதுங்க: அன்னிக்குப் பிடுங்கின கேரட், இலை நறுக்கினது, ஈர மண்ணோட 100 கிலோ. இதை விட்டுட்டீங்கன்னா சோதனைக்கே அர்த்தமில்லை. ரெண்டு நாள் காய்ஞ்சு இறுகின மண்ணு அதே டிரம்ல அதே நேரத்துல போகாது. அப்புறம் நேரம், தண்ணி: 6 நிமிஷம், 150 லிட்டருக்கு மேல ஆகக் கூடாது. அப்புறம் முடிவு: கழுவினதுல கண்ணை மூடி 50 கேரட் எடுத்து, காம்புக் குழியில மண் தெரியுறதை எண்ணணும், 2-க்கு மேல இருந்தா ஃபெயில். அடிபடுறதும் இப்படித்தான். நுனி உடைஞ்சது, 5 மி.மீ.க்கு மேல தோல் கிழிஞ்சது, 100-க்கு 3 வரைக்கும் சரி. பூஜ்யம்னு எழுதாதீங்க, எந்த மெஷினும் பாஸ் ஆகாது. நான் சொன்ன எண்ணெல்லாம் உதாரணம்தான். உங்க எண்ணை, இப்ப ஓடுற கழுவுற இடத்துக்குப் போய் தராசும் வாட்சும் வச்சு எடுங்க. அதைவிட எவ்வளவு மேல வேணும்னு அப்புறம் முடிவு பண்ணலாம்.

"எங்க வேணாலும் கொண்டு போகலாம்"னா? ஏத்தப்போற பிக்கப்போட உள்அகலத்தை டேப் வச்சு அளந்து எழுதுங்க. எத்தனை பேர் தூக்கணும், ஒரு பாகம் அதிகபட்சம் எத்தனை கிலோ, அவ்வளவுதான்.

இனி மலைக்காரங்க விடுற பெரிய ஓட்டை: மெஷின் நிக்கிற இடத்தையே எழுத மாட்டாங்க. ஊட்டி சுமார் 2,240 மீட்டர். மோட்டார் கேட்டலாக்ல இருக்கிற ரேட்டிங் பொதுவா 1,000 மீட்டர் உயரம், 40 டிகிரி சூட்டுக்கு. மேல காத்து லேசு, மோட்டார் சூடு சரியா இறங்காது. ஆனா இங்க குளிரும் இருக்கே, அது ஈடு கட்டிடும். அதனால ஸ்பெக்ல "2,250 மீட்டர், சுற்றுப்புறம் அதிகபட்சம் 30 டிகிரி"ன்னு ரெண்டையும் சேர்த்து எழுதுங்க. உயரத்தை மட்டும் எழுதினா, சப்ளையர் ஒரு சைஸ் பெரிசா தலையில கட்டிடுவார்.

கழுவத் தண்ணி எடுக்கிற பம்புக்கு இந்த ஈடெல்லாம் கிடையாது, உறிஞ்சுற குழாய்ல தண்ணியை மேல தள்ளுறதே காத்தழுத்தம்தான். கடல் மட்டத்துல காத்தழுத்தம் 10.3 மீட்டர் தண்ணிக்குச் சமம், ஊட்டியில கிட்டத்தட்ட 7.9 தான். குழாய் உராய்வு, ஃபுட் வால்வு (குழாய் அடி முனையில இருக்கிற வால்வு) எல்லாம் கழிச்சா 5 மீட்டருக்கு மேல உறிஞ்சும்னு நம்பாதீங்க. ஓடை 6 மீட்டர் கீழ இருந்தா பம்பையே கீழ இறக்கணும். அதுவும் ஸ்பெக்ல வரணும்.

வோல்டேஜும் அப்படித்தான். டிரான்ஸ்ஃபார்மர்ல இருந்து லைன் தள்ளிப் போச்சுன்னா 230 வராது. மோட்டாரோட டார்க் (சுத்துற திருப்பு விசை) வோல்டேஜோட வர்க்கத்துல இறங்கும். 200 வோல்ட்டுல முக்கால் பங்குதான் மிஞ்சும். காலி டிரம் ஜோரா சுத்தும், ஈரக் கேரட்டை நிரப்பினா ம்ம்ம்னு உறுமிட்டு நிக்கும். அதனால "முழு லோடோட 200 வோல்ட்டுல மூணு தடவை ஸ்டார்ட் ஆகணும்"னு எழுதுங்க. "கரண்ட் கம்மியா"ங்கிறதை 100 கிலோவுக்கு இத்தனை யூனிட்னு மாத்துங்க.

டாலரன்ஸ் (அளவு எவ்வளவு கூடக் குறைய இருக்கலாம்ங்கிறது) பத்தி ஒண்ணு. எல்லா அளவுக்கும் ±0.1 போட்டுடாதீங்க. வெல்டிங் ஃபிரேமுக்கு ±2 மி.மீ. தாராளம். 40 மி.மீ. ஷாஃப்ட்ல பேரிங் உக்காருற இடத்துக்கு மட்டும் பிளஸ் பூஜ்யம், மைனஸ் 0.025. லேத்காரர் காசு கேக்குறது அந்த ஒரு இடத்துக்குத்தான்.

ஒரு வரியில ஒரே தேவை, ஒவ்வொண்ணுக்கும் ஒரு நம்பர். நீக்கின நம்பரைத் திரும்ப வேற வரிக்குக் குடுக்காதீங்க, பழைய சோதனைத் தாளும் புதுசும் குழம்பிடும். எஸ்.எஸ். 304-ஐயும் இப்போதைக்கு எடுத்துட்டு, "தண்ணி படுற பாகம் துரு பிடிக்கக் கூடாது, பெயின்ட் உரிஞ்சு கேரட்ல ஒட்டக் கூடாது"ன்னு போடுங்க. கணக்கு முடிஞ்சு 304 தான்னு வந்தா டிசைன் ரிப்போர்ட்ல எழுதிக்கலாம், மோட்டார் ஹெச்.பி.யும் அங்கதான்.