மடின்னு நெனச்சோமே, அது மடிதானா?

எல்லாருக்கும் வணக்கம். ரப்பர் வெட்டிட்டு வந்து சாயா குடிச்சிட்டு இருக்கவங்களுக்கும், அடுக்களைல நின்னுக்கிட்டே கேக்குறவங்களுக்கும்தான். நான் நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துல 26 வருஷம் வில்லேஜ் நர்ஸா இருந்து ரிட்டயர் ஆனவ. எனக்கும் 12 வருஷமா சுகர் உண்டு, அதனால மருந்து குடுக்குற கஷ்டமும் தெரியும் முழுங்குற கஷ்டமும் தெரியும். சுகரோட சேந்து வர்ற டிப்ரஷன், அதான் மனச்சோர்வு, அதப் பத்தித்தான் இன்னைக்கு சொல்லப்போறேன்.

கொளச்சல் பக்கம் ஒரு கடற்கரை ஊர்ல ஒரு எக்கா, அப்ப அம்பது வயசு இருக்கும். ஒவ்வொரு தடவ செக் பண்ணும்போதும் சுகர் 300க்கு மேல. "மாத்திர முழுங்குறியளா"ன்னு கேட்டா தலைய ஆட்டுவாங்க. ஒரு நாள் வீட்டுக்கே போயிட்டேன். அடுப்புல மீன் குழம்பு கொதிக்குது, மரச்சீனிக் கிழங்கு வெந்துட்டு இருக்கு, வீட்ல எல்லாருக்கும் சோறு கரெக்டா நடக்குது. அலமாரி மேல ஒரு பழைய பிஸ்கட் டின், தொறந்து பாத்தா நாங்க குடுத்த மாத்திர அட்டை அத்தனையும் ரப்பர் பேண்ட் போட்டு அடுக்கி வச்சிருக்கு, மாசம் மாசமா, ஒண்ணு கூட பிய்க்கல. எனக்கு கோவம் வந்துட்டு, சத்தம் போட்டுட்டேன். அந்த எக்கா சொன்னாங்க, "முழுங்குனாலும் ஒண்ணுதான் முழுங்காட்டியும் ஒண்ணுதான் நர்சம்மா, காலைல கண்ண முழிக்கவே மடியா இருக்கு."

மடி. நம்ம ஊர்ல சோம்பேறித்தனத்துக்கு சொல்ற வார்த்த. நானும் அப்படித்தான் எடுத்துக்கிட்டேன், கொஞ்சம் நடங்க எக்கா எல்லாம் சரியாகும்னு சொல்லிட்டு வந்துட்டேன். அவங்களுக்கு இருந்தது டிப்ரஷன்னு எனக்கு புரியல, அத நெனச்சா இப்பவும் மனசு கெடந்து அடிக்கும்.

பிறவு எனக்கே வந்துது. மாத்திரைல சுகர் நிக்காம இன்சுலின் ஊசிக்கு மாத்துனப்ப, ஒரு ஆஸ்பத்திரில "நர்ஸா இருந்துட்டு உங்களுக்கே தெரியாதா, வாயக் கட்ட முடியலியா"ன்னு எல்லார் முன்னாடியும் கேட்டாங்க. வீட்டுக்கு வந்து சுகர் பாக்குற மிஷின பீரோக்குள்ள வச்சேன், ரெண்டு மாசம் தொடல. ராத்திரி 3 மணிக்கு முழிப்பு வந்துரும், அப்புறம் ஒறக்கம் கெடையாது, பேரப்பிள்ள வந்து மடில ஏறுனாக்கூட ஒரு சந்தோஷமும் இல்ல, ஊசி போடலன்னா என்ன ஆகும்னு நல்லா தெரிஞ்சும் போடத் தோணல.

சுகர் இருக்கவங்களுக்கு டிப்ரஷன் வர்றதுக்கு மத்தவங்கள விட ரெண்டு மூணு மடங்கு வாய்ப்பு அதிகம், அதுல பாதிப் பேருக்கு மேல கண்டுபிடிக்கப்படாமலேயே போகுது. நம்ம தமிழ்நாட்டுல பெரியவங்கள்ல 100க்கு 14 பேருக்கு சுகர்னு 2023ல வந்த ஐசிஎம்ஆர், அதான் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தோட ஆய்வு சொல்லுது, அப்ப நம்ம தெருவுல எத்தன வீடுன்னு பாத்துக்கோங்க. மனசு சோர்ந்தா ஒடம்புல கார்டிசால்னு ஒரு ஹார்மோன் கூடும், அது சுகர ஏத்தும், சுகர் ஏறுனா அசதி, அசதில மருந்து விட்டுப்போகும், மறுபடி சுகர் ஏறும். செக்குல கட்டுன மாடு மாதிரி அதுக்குள்ளயே சுத்திக்கிட்டு கெடப்போம். டிப்ரஷன் முதல்ல வந்து அப்புறம் சுகர் வர்றவங்களும் உண்டு.

ஒண்ணு மட்டும் பிரிச்சு சொல்லிர்றேன். தினமும் வெரல குத்தி, கல்யாண வீட்டுப் பந்தில பாயசம் வரும்போது எலைய மூடி, இப்படியே வருஷக்கணக்கா இருந்தா சுகர் மேலயே ஒரு வெறுப்பு வரும், அது ரொம்பப் பேருக்கு வர்றதுதான், மருந்து நேரத்த கொஞ்சம் எளிசாக்கிக் குடுத்தா, வீட்ல கூட நின்னா கொறையும். ஆனா ரெண்டு வாரமா அனேகமா எல்லா நாளும் மனசு கனமா இருக்கு, முன்னாடி பிடிச்ச எதுவும் இப்ப பிடிக்கலன்னா அது வேற, அதுக்கு டாக்டர பாக்கணும். படபடப்பு, வேர்வ, கை நடுக்கம் திடீர்னு வந்தா மனசுன்னு நெனச்சு இருந்துராதீங்க, உடனே சுகர் பாருங்க, 70க்கு கீழ போனாலும் அப்படித்தான் வரும்.

நான் ஒரு நாள் வேற ஒரு டாக்டர்ட்ட அழுதுட்டேன். அவரு திட்டல. முதல்ல தைராய்டும் வைட்டமின் பி12வும் பாக்கச் சொன்னாரு, ஏன்னா சுகருக்கு குடுக்குற மெட்பார்மின் மாத்திரய பல வருஷம் சாப்ட்டா பி12 கொறையலாம், அதுவே அசதியும் மனச்சோர்வும் குடுக்கும். அப்புறம் கவுன்சிலிங், மாத்திர. மாத்திர நாலு நாள்ல வேல செய்யாது, எனக்கு ஆறு வாரம் ஆச்சு, நடுவுல நிப்பாட்டிரலாம்னு எத்தன தடவ தோணுச்சோ! மனசுக்கு வாங்குற மாத்திரைல சிலது எடையும் சுகரும் கூட்டும், அதனால எனக்கு சுகர் இருக்குன்னு முதல்லயே சொல்லிருங்க, நீங்களா தொடங்கவும் வேண்டாம் நிறுத்தவும் வேண்டாம்.

வீட்ல இருக்கவங்களுக்கு ஒரு வார்த்த. "செத்துட்டா கொள்ளாம்"னு ஒருத்தங்க சொன்னா சும்மா சொல்றாங்கன்னு விட்ராதீங்க, தனியா விடாதீங்க, ஊசி மருந்த உங்க கைல வச்சிக்கோங்க, அன்னைக்கே ஆசாரிபள்ளம் மெடிக்கல் காலேஜுக்கோ பக்கத்துல உள்ள ஆஸ்பத்திரிக்கோ கூட்டிட்டு போயிருங்க. போன்ல பேசணும்னா 14416, டெலி மானஸ்னு மனசுக்கான அரசாங்க உதவி நம்பர், காசு கெடையாது, ராத்திரி பகல் எப்பவும் தமிழ்லயே பேசலாம். கிறுக்குன்னு ஊரு சொல்லுமோன்னு பயந்தா வீட்லருந்தே பேசுங்க, யாருக்கும் தெரியவேண்டாம்.

மக்களைத் தேடி மருத்துவம்ங்கிற அரசாங்கத் திட்டத்துல வீட்டுக்கு மாத்திர கொண்டு வர்ற பிள்ளைங்க இத கேட்டா, அந்த வீட்ல பழைய அட்டை மிச்சம் கெடக்கான்னு ஒரு தடவ பாருங்க மக்கா. கெடந்தா சத்தம் போடாதீங்க. கொஞ்ச நேரம் உக்காந்து, ஒறக்கம் வருதான்னு கேளுங்க.