வாளியில் விழுந்த சிவப்பு

நேயர்களுக்கு வணக்கம்.

நான் கம்பம் பள்ளத்தாக்குக்காரன். தாவரவியல் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன். எங்கள் பக்கத்திலிருந்து தினமும் விடியற்காலையில் ஜீப் ஜீப்பாக ஆட்கள் கேரளத்து ஏலத்தோட்டங்களுக்கு வேலைக்குப் போவார்கள். இருட்டும் நேரத்துக்குத் திரும்புவார்கள். மலைக்கு அந்தப் பக்கத்துச் சேதி பேப்பரில் வருவதற்கு முன்னால் அந்த ஜீப்பில் இறங்கிவிடும். 2001-ஆம் வருடம் ஆடி மாதம் அப்படி இறங்கிய சேதி ஒன்று: "சார், அங்கே ரத்த மழை பெய்யுதாம்."

சொன்ன அம்மா அதைக் கண்ணால் பார்க்கவில்லை. பார்த்தவரிடம் கேட்டவரிடம் கேட்டிருந்தார். நானும் சிரித்துவிட்டு, "செம்மண் தூசியா இருக்கும்மா" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அது தப்பான பதில் என்று தெரிய நாலு மாதம் ஆயிற்று.

நடந்தது இதுதான். அந்த ஜூலை 25-ஆம் தேதி கோட்டயம் மாவட்டத்துச் சங்கனாசேரியில் சிவப்பு மழை பெய்தது. வெளியே காய்ந்த வெள்ளைத் துணியெல்லாம் இளஞ்சிவப்பானது. அதற்கப்புறம் செப்டம்பர் கடைசி வரை கோட்டயம், இடுக்கி, பத்தனம்திட்டா என்று அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பெய்துகொண்டே இருந்தது. மஞ்சள், பச்சை, கறுப்பு மழைகூடப் பெய்ததாகச் சொன்னார்கள். ஆனால் அதிகம் சிவப்புதான். பெரும்பாலும் இருபது நிமிஷத்துக்கு மேல் நீடிக்கவில்லை. ஒரு தோப்பில் சிவப்பாகப் பெய்யும்போது சில மீட்டர் தள்ளி வழக்கமான மழை பெய்ததாகவும் சொன்னார்கள். இந்த ஒரு விவரத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வேண்டியிருக்கும்.

முதல் மழைக்குச் சற்று முன்னால் பெரிய இடிச் சத்தமும் வெளிச்சமும் வந்ததாகச் சங்கனாசேரிக்காரர்கள் சொன்னார்கள். திருவனந்தபுரத்தில் உள்ள புவி அறிவியல் ஆய்வு மையம் அதைக் கேட்டுவிட்டு, விண்கல் ஒன்று மேலே வெடித்து அதன் தூள்தான் மழையோடு இறங்குகிறது என்று முதலில் நினைத்தது. ஒரு டன் தூள் இருக்கலாம் என்று கணக்குக்கூடச் சொல்லிவிட்டார்கள். ஆனால் சில நாளில் அவர்களே பின்வாங்கினார்கள். காரணம் எளிமையானது. வானத்தில் அத்தனை உயரத்தில் தூசி கலந்தால் காற்று அதைத் திசைக்கொன்றாகக் கொண்டுபோய்விடும். நாள் கணக்கில் காத்திருந்து, அதே தாலுகாவை ஞாபகம் வைத்துக்கொண்டு வந்து விழாது. நுண்ணோக்கியில் பார்த்தபோது விண்கல் தூளும் தெரியவில்லை. தெரிந்தவை உயிரணுக்கள். ஒரு மில்லிலிட்டரில், அதாவது சுமார் இருபது சொட்டுத் தண்ணீரில், கிட்டத்தட்ட 90 லட்சம்.

சரி, எதன் உயிரணு? மாதிரிகள் திருவனந்தபுரம் பக்கத்தில் பாலோடு என்ற ஊரில் உள்ள தாவரவியல் பூங்கா ஆய்வகத்துக்குப் போயின. அங்கே அவற்றை வளர்த்துப் பார்த்தார்கள். வளர்ந்தது ஒரு பாசி. டிரென்டிபோலியா என்று பெயர். நவம்பரில் இரண்டு நிறுவனங்களும் சேர்ந்து அறிக்கை தந்தன: மழையில் இருந்தது இந்தப் பாசியின் வித்துகள், விண்கல்லும் இல்லை, பாலைவனத் தூசியும் இல்லை. என் செம்மண்ணும் இல்லை.

பாசி என்றதும் கிணற்றுப் படிக்கட்டில் வழுக்கும் பச்சை நினைவுக்கு வரும். டிரென்டிபோலியாவும் வகையால் பச்சைப் பாசிதான், ஆனால் பச்சையாக இருக்காது. கேரட்டுக்கு நிறம் கொடுக்கிற அதே குடும்பத்து நிறமி அதற்குள் நிறைய இருக்கும். அது பச்சையை மறைத்துவிடும். குமுளி ஏறிப் போகும்போது ஈரமான மரத்தண்டுகளில் யாரோ காவிச் சுண்ணாம்பு பூசிய மாதிரி ஆரஞ்சுப் பட்டை பார்த்திருப்பீர்கள். அந்த அறிக்கை வந்தபிறகு நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்படியொரு தண்டை நகத்தால் சுரண்டிப் பார்த்தேன். வெல்வெட்டுத் துணி மாதிரி இருந்தது. நகக்கண்ணில் மஞ்சள் அரைத்த கை மாதிரி நிறம் ஏறியது. வீட்டுக்கு வந்து சோற்றில் கை வைக்கும் வரைக்கும் போகவில்லை.

இந்தப் பாசி தனியாகவும் வாழும், பூஞ்சையோடு கூட்டுக்குடித்தனமும் நடத்தும். அப்படிப் பாசியும் பூஞ்சையும் சேர்ந்து வாழ்வதைப் பாடப்புத்தகத்தில் லைக்கன் என்போம். பெயர் புதிதாக இருந்தாலும் பொருள் உங்கள் அஞ்சறைப்பெட்டியில் இருக்கிறது. செட்டிநாட்டுக் குழம்புக்கும் பிரியாணிக்கும் போடுகிற கல்பாசி ஒரு லைக்கன்தான். அதற்குள் இருக்கும் பாசி வேறு, ஆனால் குடும்பம் நடத்தும் முறை இதேதான். சங்கனாசேரியில் ஆய்வாளர்கள் போய்ப் பார்த்தபோது மரத்திலும் பாறையிலும் விளக்குக் கம்பத்திலும் லைக்கன் அப்பிக் கிடந்தது. அதை எடுத்து வளர்த்தால் மழையில் கிடைத்த அதே வகைப் பாசி வந்தது.

இத்தோடு கதை முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. கோட்டயம் மகாத்மா காந்தி பல்கலைக்கழகத்து இயற்பியலாளர் காட்ஃப்ரி லூயிசும் அவருடைய மாணவர் சந்தோஷ்குமாரும், இவை பூமியின் உயிரணுக்களே இல்லை, வால்நட்சத்திரத் துண்டு ஒன்றில் வந்தவை என்றார்கள். 2006-இல் ஒரு வானியற்பியல் ஆய்விதழில் கட்டுரை வந்ததும் உலகம் முழுக்கப் பேச்சாகிவிட்டது. கொழும்பில் பிறந்து பிரிட்டனில் பணியாற்றிய சந்திர விக்கிரமசிங்கவும் இதில் ஆர்வம் காட்டினார். உயிர் விண்வெளியிலிருந்து வந்து இறங்கியது என்று ஃபிரெட் ஹாயிலோடு சேர்ந்து பல வருடமாக வாதாடியவர் அவர். லூயிசை நான் கேலி செய்ய மாட்டேன். பத்திரிகைச் செய்திகளைத் தேடித் தொகுத்து எங்கே எப்போது பெய்தது என்று கணக்கு வைத்தது அவர்தான். மொத்தம் விழுந்த தூள் சுமார் 50 டன் இருக்கும் என்பதும் அவருடைய மதிப்பீடு. ஆனால் ஒன்று. வாசல் மரத்தில் இருப்பதும் வாளியில் விழுந்ததும் ஒன்றாக இருக்கும்போது வால்நட்சத்திரம் வரைக்கும் எதற்குப் போகவேண்டும்?

இப்படி மேலே பார்க்காமல் பக்கத்தில் பார்த்த ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். எனக்கு மிகவும் பிடித்த ஆள். 1608 ஜூலையில் பிரான்சின் தெற்கே, எக்ஸ் நகரத்தைச் சுற்றி ரத்த மழை பெய்ததாக ஒரே பீதி. கல்லறைத் தோட்டத்துச் சுவரில் சிவப்புச் சொட்டுகள், பக்கத்துக் கிராமத்துச் சுவர்களிலும் சொட்டுகள். பிசாசு வேலை என்றார்கள். அந்த ஊரில் பெய்ரெஸ்க் என்ற அறிஞர் இருந்தார், அப்போது வயது முப்பதுகூட ஆகவில்லை. அவர் சில நாட்களுக்கு முன்னால் பெரிய கூட்டுப்புழு ஒன்றைப் பிடித்து ஒரு பெட்டியில் போட்டு வைத்திருந்தார். ஒரு நாள் உள்ளே படபடவென்று சத்தம். திறந்தார். வண்ணத்துப்பூச்சி பறந்துபோயிற்று. பெட்டியின் அடியில் ஒரு காசு அகலத்துக்குச் சிவப்புச் சொட்டு.

கூட்டிலிருந்து வெளியே வரும் வண்ணத்துப்பூச்சி உடம்பில் தங்கிய கழிவை அப்படித்தான் சொட்டவிட்டுவிட்டுப் பறக்கும். சில இனங்களில் அது ரத்தச் சிவப்பாக இருக்கும். அந்தக் கோடையில் ஊரெங்கும் வண்ணத்துப்பூச்சி. பெய்ரெஸ்க் உடனே "கண்டுபிடித்துவிட்டேன்" என்று கத்தவில்லை. போய்ச் சுவர்களைப் பார்த்தார். வானத்திலிருந்து விழுந்திருந்தால் கூரையில் இருக்கவேண்டும். கூரையில் ஒரு சொட்டும் இல்லை. மழைபடாத மறைவில், கல்லின் பொந்துக்குள், அடிப்பக்கத்தில் இருந்தது. ஊர் நடுவில் இல்லை, வயலை ஒட்டிய ஓரத்தில் இருந்தது. வண்ணத்துப்பூச்சி பறக்கும் உயரத்துக்கு மேலே இல்லை. 'எங்கே இருக்கிறது' என்பதைவிட 'எங்கே இல்லை' என்று அவர் பார்த்தார் பாருங்கள், அதுதான் எனக்கு வேலையாகத் தெரிகிறது. என் மாணவர்களுக்குப் பல வருடம் இதைத்தான் சொன்னேன்.

தேனி மாவட்டத்துக்காரன் தேனீயைப் பற்றிப் பேசாமல் போனால் நன்றாக இருக்காது. 2002 ஜூனில் கொல்கத்தாவுக்கு அருகே சங்கிராம்பூர் என்ற ஊரில் மஞ்சள் கலந்த பச்சைச் சொட்டுகள் விழுந்தன. ரசாயனத் தாக்குதலோ என்று மக்கள் நடுங்கிப்போனார்கள். சோதித்துப் பார்த்தால் மாம்பூ, தென்னம்பூ மகரந்தம். தேனீக் கூட்டம் ஒன்று போகிற போக்கில் போட்டுவிட்டுப் போன எச்சம். மலைத்தேனீ கூட்டுக்குள் அசுத்தம் செய்யாது. கும்பலாக உயரே பறந்துபோய்ப் போட்டுவிட்டு வரும். உயரத்தில் பறப்பதால் கீழே நிற்கிறவருக்குத் தேனீ கண்ணில் படாது, சொட்டு மட்டும் மேலே விழும்.

சிரிக்கலாம்தான். ஆனால் இதே சொட்டு ஒரு காலத்தில் வல்லரசுகளின் சண்டையில் போய் நின்றது. வியட்நாம் போர் முடிந்தபிறகு லாவோஸ் மலைகளிலிருந்து தப்பி வந்த மோங் மக்கள், விமானங்கள் மஞ்சள் மழை பொழிந்ததாகவும் ஆட்கள் செத்ததாகவும் சொன்னார்கள். 1981 செப்டம்பரில் அமெரிக்க வெளியுறவு அமைச்சர் அலெக்சாண்டர் ஹேக், இது சோவியத் ஒன்றியம் கொடுத்த பூஞ்சை நஞ்சு என்று பகிரங்கமாகக் குற்றம் சாட்டினார். ஹார்வர்டு உயிரியலாளர் மேத்யூ மெசல்சன் சொட்டு மாதிரிகளைப் பார்த்தார். அத்தனையும் மகரந்தம், அதுவும் சத்து செரித்த வெறும் தோல். 1984-இல் அவரும் தேனீ ஆய்வாளர் தாமஸ் சீலியும் தாய்லாந்துக்குப் போனார்கள். மலைத்தேனீக் கூட்டுக்குப் பக்கத்தில் நின்றபோது மஞ்சள் மழை அவர்கள் மேலேயே பெய்தது. அமெரிக்க அரசு குற்றச்சாட்டை வாபஸ் வாங்கவில்லை. மோங் மக்கள் பட்ட துன்பமும் பொய்யில்லை. சொட்டு தேனீயுடையது என்பதால் அவர்கள் மேல் குண்டு விழவில்லை என்று ஆகிவிடாது. இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பியதில் கடைசியில் அடிபட்டது அவர்கள் சொல்தான்.

மீன் மழை பற்றி எல்லோரும் கேட்பார்கள். 2014 மே மாதம் இலங்கையில் சிலாபம் பக்கத்துக் கிராமம் ஒன்றில் சிறு மீன்கள் விழுந்தன, ஐம்பது கிலோ அளவுக்குப் பொறுக்கினார்கள், சிலது உயிரோடு இருந்தது. நீர்நிலைமேல் கிளம்பும் சுழல்காற்று மீனைத் தூக்கியிருக்கும் என்பதுதான் பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம். வாளியில் தண்ணீர் ஊற்றிப் பிடித்துக்கொண்டு போனார்களாம். ஊருக்கு லாபம்.

மீனாவது பரவாயில்லை. 1876 மார்ச் 3, அமெரிக்காவின் கென்டக்கி மாநிலம். வானம் தெளிவாக இருக்கிறது. ஒரு பண்ணை வீட்டு அம்மாள் வெளியே சோப்புக் காய்ச்சிக்கொண்டிருக்கிறார். சுற்றிலும் இறைச்சித் துண்டுகள் விழுகின்றன. சுமார் 90 மீட்டர் நீளம், 45 மீட்டர் அகலத்துக்கு. இரண்டு பேர் வந்து, எடுத்து, வாயில் போட்டு, ஆட்டுக்கறியாக இருக்கும், இல்லாவிட்டால் மான் கறி என்று தீர்ப்புச் சொன்னார்கள். பிற்பாடு நுண்ணோக்கியில் பார்த்தவர்கள் நுரையீரல் திசு, தசை, குருத்தெலும்பு என்று அடையாளம் கண்டார்கள். பிணந்தின்னிக் கழுகுக் கூட்டம் உயரே பறக்கும்போது தின்றதைக் கக்கியது என்பதே இன்றைக்கும் பலர் ஏற்கும் விளக்கம். கழுகுக்குப் பயமோ பாரமோ வந்தால் அப்படிச் செய்யும், ஒன்று கக்கினால் மற்றதும் கக்கும். அந்த இரண்டு பேருக்கும் இதை யார் போய்ச் சொன்னார்களோ! அந்தத் துண்டில் ஒன்று லெக்சிங்டன் நகரத்துப் பல்கலைக்கழகத்தில் கண்ணாடிக் குப்பியில் இன்னும் இருக்கிறது.

இப்போது கேரளத்துக்குத் திரும்புவோம். ஏனென்றால் அங்கே ஒரு பாக்கி இருக்கிறது. பாசி என்று பெயர் சொல்லியாயிற்று. 2015-இல் பஞ்சாப் மத்தியப் பல்கலைக்கழகத்து ஃபெலிக்ஸ் பாஸ்ட் குழு மரபணுவைப் பார்த்து, இது ஆஸ்திரியாவிலிருந்து அறியப்பட்ட டிரென்டிபோலியா அனுலாட்டா என்ற இனம் என்றுகூடச் சொல்லிவிட்டது. மேகத்தோடு கடல் தாண்டி வந்திருக்கலாம் என்பது அவர்கள் ஊகம். ஆனால் முதலில் அறிக்கை தந்த திருவனந்தபுரத்து ஆய்வாளர்களே திகைத்த இடம் அப்படியே நிற்கிறது: தண்டில் ஒட்டியிருக்கிற பாசி, கொட்டுகிற தென்மேற்குப் பருவமழைக்கு நடுவில், அத்தனை கோடி வித்துகளை ஒரே நேரத்தில் எப்படி வெளியே விட்டது? ஈரத்தில் ஊறிய வித்து மேகம் வரைக்கும் எப்படி ஏறியது? மனதில் வைத்துக்கொள்ளச் சொன்னேனே, ஒரு தோப்பில் சிவப்பு, சில மீட்டரில் வெள்ளை, அது எப்படி? விளக்குக் கம்பத்துக்கும் மரத்துக்கும் அடியில் வைத்த பாத்திரம் எத்தனை, திறந்தவெளியில் வைத்தது எத்தனை என்று அன்றைக்கே யாராவது ஒரு பெய்ரெஸ்க் வீடு வீடாக எழுதி வைத்திருந்தால் பாதி தெரிந்திருக்கும். வேற்றுலகச் சண்டையில் இந்தக் கேள்வியை ஆள் இல்லாமல் விட்டுவிட்டோம் என்பது என் வருத்தம்.

அதனால் நேயர்களே, உங்கள் ஊரில் எப்போதாவது நிறம் மாறிய மழை பெய்தால் செல்ஃபோனில் படம் எடுப்பதோடு நிற்காதீர்கள். கழுவிய எவர்சில்வர் பாத்திரம் ஒன்றை மொட்டை மாடி நடுவில் வையுங்கள், மரநிழல் படாமல். இன்னொன்றை மரத்தடியில் வையுங்கள். மணியைப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். பக்கத்துத் தெருவுக்கு ஃபோன் போட்டு அங்கே என்ன நிறம் என்று கேளுங்கள். தண்ணீரைக் கண்ணாடி பாட்டிலில் ஊற்றி, தேதி எழுதி ஒட்டி, பக்கத்துக் கல்லூரியில் தாவரவியல் துறை இருந்தால் கொண்டுபோய்க் கொடுங்கள்.

தயவுசெய்து, யாரும் நாக்கில் மட்டும் வைத்துப் பார்க்காதீர்கள். வணக்கம்.